கேமராவின் பின்திரையில் படத்தைச் சரிபார்ப்பது: காசிமேட்டு வெளிச்சத்தில் ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன் எடுத்த படங்களை வீட்டில் லேப்டாப்பில் திறந்ததும் “அங்க பளிச்சுனு இருந்துச்சே” என்று சொல்லாத புதியவர் குறைவு. அதே ஆள் அன்று மதியம் ராயபுரத்தில் எடுத்தவை வெளுத்துப் போயிருக்கும். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. பின்திரையிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பின்திரை சில விஷயங்களில் நம்பகமானது: ஃபோகஸ் விழுந்ததா, கை ஆடியதா, ஓரத்தில் எதுவும் வெட்டுப்பட்டதா. வெளிச்சம் போதுமா, நிறம் சரியா என்ற இரண்டையும் அதைப் பார்த்துக் கண்ணால் முடிவு செய்யக் கூடாது. வெளிச்சத்துக்கு வேறு கருவிகள் அதே திரையில் இருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசைதான் கீழே வருவது.

1. முந்தின இரவே மெனுவில் முடிக்க வேண்டியவை

திரையின் பிரகாசத்தை ஆட்டோவில் விடாதீர்கள். கையால் நடுமட்டத்தில் வைத்து அங்கேயே பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் இருந்தால் ஒரே படம் கொட்டகைக்குள் ஒரு மாதிரியும் வெளியே ஒரு மாதிரியும் தெரியும். எது உண்மை என்று கண் பழக வாய்ப்பே கிடைக்காது.

பிரகாசத்தைப் பூட்டினாலும் பிரச்சினையில் பாதிதான் தீரும். மீதிப் பாதி நம் கண்ணில் இருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் சின்னத் திரையும் விளக்கு மாதிரி ஒளிரும். அதனால் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தில் இரு மடங்கு வித்தியாசம்) குறைவாக எடுத்த படம்கூட அந்த நேரத்தில் அழகாகத் தெரியும். உச்சி வெயிலில் நேர் எதிர்: திரை மங்கித் தெரிகிறது, படம் இருட்டு என்று நினைத்து எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஏற்றிக்கொண்டே போகிறோம், வெள்ளைச் சட்டையெல்லாம் வெளுத்துப் போகிறது. ஒரே நாளில் ஒரே ஆள் இரண்டு எதிரெதிர்த் தப்புகளைச் செய்வது இதனால்தான்.

சோனி கேமராக்களில் திரைக்கென்று வெயில் முறை ஒன்று உண்டு. ஃபிரேமுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அது உதவும். வெளிச்சத்தைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்தினால் கெட்டது கதை.

அடுத்து, பிக்சர் ஸ்டைல், அதாவது படத்தின் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் கேமரா அமைக்கும் முறை. ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் வைக்கும் மூலப் பதிவு) எடுத்தாலும் திரையில் தெரிவது ரா இல்லை. அதற்குள் கேமரா பொதிந்து வைக்கும் ஒரு ஜேபெக் முன்னோட்டம்தான். படத்தில் வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் அந்த ஜேபெக்கில் இருந்துதான் வருகிறது. ஸ்டைல் ‘விவிட்’ என்று இருந்தால் கான்ட்ராஸ்ட் கூடி, இல்லாத வெளுப்பு இருப்பதாகக் காட்டும். ராவில் எடுப்பவர்கள் ‘நியூட்ரல்’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ வைத்துக்கொள்ளுங்கள்.

நிழலைத் தானாகத் தூக்கிக் கொடுக்கும் வசதிகளையும் ராக்காரர்கள் அணைத்துவிடுவது நல்லது. நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், சோனியில் டிஆர்ஓ. இவை திரையில் காட்டும் நிழல் விவரம் வேறு மென்பொருளில் ராவைத் திறக்கும்போது அப்படியே வராது. ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் அணைக்க வேண்டாம். அவர்களுக்கு அது நிஜமாகவே உதவுகிறது.

மூன்று வசதிகளை இயக்கி வையுங்கள்: வெளுத்த இடம் கண்சிமிட்டும் ஹைலைட் எச்சரிக்கை, சிவப்பு-பச்சை-நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம், ஒரே அழுத்தில் ஃபோகஸ் விழுந்த இடத்தை 100% பெரிதாக்கும் பட்டன். நிக்கானில் முதல் இரண்டும் பிளேபேக் மெனுவின் டிஸ்ப்ளே பிரிவில் டிக் போட்டால்தான் வரும். பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. சோனியில் படத்தைத் திறந்து டிஸ்ப் பட்டனை அழுத்திக்கொண்டே போனால் ஹிஸ்டோகிராம் பக்கம் வரும், சிமிட்டலும் அங்கேதான்.

செங்குத்துப் படங்களைத் திரையில் தானாகத் திருப்பிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். திருப்பினால் படம் பாதியாகச் சுருங்கிவிடும். கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் முழுத் திரையிலும் பார்க்கலாம்.

2. பையில் இருக்க வேண்டியவை

ஒரு மைக்ரோஃபைபர் துணி. கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே உப்புப் படலம் திரையில் ஏறிவிடும், கூடவே விரல் எண்ணெய். இரண்டும் சேர்ந்து படத்தைக் கான்ட்ராஸ்ட் இல்லாததாகக் காட்டும். படம் மங்கலாகத் தெரிந்தால் முதலில் திரையைத் துடையுங்கள், அப்புறம் லென்ஸின் முன்பக்கத்தைப் பாருங்கள், செட்டிங்கைக் கடைசியில் தொடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வாசிப்புக் கண்ணாடி. திரையில் ஷார்ப் இல்லை என்று படத்தையெல்லாம் தள்ளுபடி செய்கிறவர்களில் சிலருக்குக் குறை கண்ணில் இருக்கும்! மிரர்லெஸ் கேமரா (வியூஃபைண்டருக்குள்ளேயும் ஒரு சின்னத் திரை இருக்கும் வகை) வைத்திருந்தால் இதற்கு இன்னும் நல்ல வழி உண்டு. வியூஃபைண்டரில் பார்வைக்கு ஏற்பத் தெளிவைச் சரிசெய்யும் டயாப்டர் சக்கரத்தை உங்கள் கண்ணுக்குத் திருகி வைத்துவிட்டு, எடுத்த படத்தையும் அதற்குள்ளேயே பாருங்கள். வெயிலும் அங்கே நுழையாது.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். சில திரைகள் அதன் வழியே ஒரு கோணத்தில் கறுப்பாகவே தெரியும்.

ஏசி காரில் வந்து இறங்குகிறவர்கள் பையை உடனே திறக்க வேண்டாம். குளிர்ந்த லென்ஸில் நம் ஊர்க் காற்றின் ஈரம் பட்டதும் பனி கட்டும். பெரிதாக்கிப் பார்த்தால் ஃபோகஸ் தப்பின மாதிரியே இருக்கும், மெனுவில் ஏதேதோ மாற்றத் தொடங்கிவிடுவீர்கள். ஜிப்பைத் திறக்காமல் இருபது, முப்பது நிமிடம் காத்திருந்தால் போதும்.

3. போய்ச் சேர்ந்ததும் சோதனைப் படம்

ஏலம் சூடு பிடிப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். அந்த இடத்தில் விவரம் கெடக்கூடாத, மிக வெளுப்பான பொருள் எது என்று தேடுங்கள். காசிமேட்டில் அது பெரும்பாலும் ஐஸ் குவியல், தெர்மாகோல் பெட்டி, இல்லையென்றால் யாராவது ஒருவரின் வெள்ளை வேட்டி. அதுவும் முகங்களும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு படம் எடுங்கள்.

கூட்டம் குறைந்த நேரத்தில் நிதானமாகப் பழக வேண்டும் என்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் வரிசையாக நிற்கும். நகராத பொருள், கெட்டியான வண்ணம், வலுவான வெயில். பயிற்சிக்கு வேறென்ன வேண்டும்?

4. முதலில் சிமிட்டல்

படத்தின் அழகைப் பார்க்காதீர்கள். எது சிமிட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். ஹிஸ்டோகிராமுக்கு முன்னால் இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஹிஸ்டோகிராம் எவ்வளவு வெளுத்தது என்று சொல்லும், எங்கே வெளுத்தது என்று சொல்லாது. ஒரு முகத்தின் நெற்றி மட்டும் வெளுத்தால் அதில் அடையாளமே தெரியாது.

எல்லாச் சிமிட்டலும் தப்பு இல்லை. எரிகிற பல்பு, அலையில் தெறிக்கும் சூரியன், ஈர வஞ்சிரத்தின் முதுகில் ஊசி மாதிரி மின்னும் புள்ளி ஆகியவை சிமிட்டட்டும். அவற்றை அடக்கப் போனால் முகங்கள் கரியாகிவிடும். ஐஸ் குவியல் ஒரே பாளமாகச் சிமிட்டினாலோ, சட்டையின் முதுகு முழுதும் சிமிட்டினாலோதான் எக்ஸ்போஷரை 1/3 ஸ்டாப் குறைக்க வேண்டும். மறுபடி எடுங்கள். பாளம் உடைந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் ஆகும் வரை இறக்கினால் போதும், முழுதும் நிற்க வேண்டியதில்லை.

ராவில் எடுப்பவர்களுக்குச் சிமிட்டல் தொடங்கிய பிறகும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். எவ்வளவு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும், அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வெயிலில் ஒரு வெள்ளைத் துண்டைக் காயப் போட்டு, சிமிட்டல் ஆரம்பிக்கும் இடத்தில் இருந்து 1/3 ஸ்டாப்பாக ஏற்றிக்கொண்டே போய் வரிசையாக எடுங்கள். வீட்டில் ராவைத் திறந்து, நெசவு இழை எந்தப் படம் வரை மீள்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் கேமராவின் எல்லை.

5. பிறகு ஹிஸ்டோகிராம்

இடது கோடி கறுப்பு, வலது கோடி வெள்ளை, மேடு உயர்ந்த இடத்தில் அந்த அளவு வெளிச்சம் அதிகப் பரப்பில் இருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். ‘மேடு நடுவில் இருக்க வேண்டும்’ என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். விடிகாலைத் துறைமுகம் இருட்டுதான். அங்கே மேடு இடப்பக்கம் ஒதுங்கி இருப்பதுதான் நியாயம். பார்க்க வேண்டியது ஒன்றே: மேடு இடது சுவரில் மோதி அப்பிக்கொண்டு நிற்கிறதா? நின்றால், தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அக்காவின் முகத்தில் விவரம் இல்லை என்று அர்த்தம். திரையில் அது எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் சரி.

மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் சங்கரா மீன். வெயிலில் கூடை நிறையச் சங்கராவை எடுத்தால் மொத்த வெளிச்சத்தின் ஹிஸ்டோகிராம் ஒழுங்காகவே இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவரைத் தாண்டியிருக்கும். செதிலுக்குச் செதில் இருந்த வித்தியாசம் போய் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். அடர் நீலம் அடித்த ஃபைபர் படகிலும் இதேதான், அங்கே நீலம் தாண்டும். மொத்த ஹிஸ்டோகிராமைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் வீட்டில்தான் கண்டுபிடிப்பார்கள்.

6. ஃபோகஸ்: பெரிதாக்கு, ஆனால் 100% தாண்டாதே

முழுப் படத்தைத் திரையில் பார்த்து ஷார்ப் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. ஒரு கணக்கு: 10.4 லட்சம் புள்ளித் திரை என்றால் மூன்று நிறப் புள்ளி சேர்ந்து ஒரு பிக்சல், ஆக 720-க்கு 480 பிக்சல்தான். உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000. திரையின் ஒரு பிக்சலுக்குள் படத்தின் 69 பிக்சல் அடைபடுகிறது. அந்தச் சுருக்கத்தில் எந்தப் படமும் ஷார்ப்பாகத்தான் தெரியும்.

100% வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் நல்ல படமும் கொழகொழவென்று தெரியும், வீணாக மனசு விட்டுப் போகும். 100%-லேயே கொழகொழப்பாக இருந்தால் இன்னொன்றையும் சோதியுங்கள். ரா மட்டும் எடுக்கும்போது சில கேமராக்கள் உள்ளே சின்ன முன்னோட்டத்தைத்தான் வைக்கின்றன. ரா கூடவே ஜேபெக்கும் என்று மாற்றினால் தெளிந்துவிடும்.

பார்க்க வேண்டிய இடம்: ஆளாக இருந்தால் கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணின் இமை முடி. படகாக இருந்தால் பக்கவாட்டில் எழுதிய பதிவு எண்ணின் விளிம்பு.

மங்கல் தெரிந்தால் எந்த வகை மங்கல் என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றாதீர்கள். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். எல்லாவற்றுக்கும் ஃபோகஸைத் திட்டுவார்கள்.

முகம் மங்கல், பின்னால் இருக்கிற கூடை துல்லியம் என்றால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. ஃபோகஸ் புள்ளியை மாற்றுங்கள். படம் முழுதும் ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்து, தூரத்து விளக்குகள் புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாகத் தெரிந்தால் ஆடியது உங்கள் கை. ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். சுவரும் தரையும் துல்லியம், ஏலம் போடுகிற கை மட்டும் கரைந்திருக்கிறது என்றால் அசைந்தது ஆள். நடக்கிறவர்களுக்கு 1/250 நொடி, ஐஸை மண்வெட்டியால் வாரி வீசுகிறவர்களுக்கு 1/500 அல்லது மேலே என்று ஆரம்பியுங்கள். எங்கேயுமே துல்லியம் இல்லை, விளக்கைச் சுற்றி வளையம் வேறு என்றால் லென்ஸில் பனி அல்லது உப்பு.

காசிமேட்டுக்கே உரிய ஐந்தாவது வகையும் உண்டு. தளத்தில் முக்காலியை ஊன்றி நிதான ஷட்டரில் எடுத்தால் தளம் துல்லியமாகவும் படகுகள் மட்டும் மங்கலாகவும் வரும். தண்ணீர் படகை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு முக்காலியால் ஒன்றும் செய்ய முடியாது, ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) ஏற்றி ஷட்டர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

ஐஎஸ்ஓ ஏறினால் 100%-ல் மணல் மணலாக நாய்ஸ் தெரியும். அதற்காகப் படத்தைத் தள்ளாதீர்கள். முழுப் படமாகப் பார்க்கும்போது அதில் பெரும்பகுதி கண்ணில் படாது.

7. ஓரங்கள்

இப்போதுதான் படத்தைப் படமாகப் பார்க்கும் நேரம். எண்களையெல்லாம் மறைத்துவிட்டு முழுத் திரைக்கு வாருங்கள். நடுவை விட்டுவிட்டு நான்கு ஓரத்தையும் ஒரு சுற்று பாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, தலைக்குப் பின்னால் முளைக்கும் கம்பம், மூலையில் எட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் குடம் எல்லாம் அங்கேதான் இருக்கும். திருவொற்றியூர்க் கடற்கரையில் எடுக்கிறீர்கள் என்றால் அடிவானம் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக

திரையில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் வேறு நிறம். கடுமையான சாயல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே முகங்கள் நீலம் பூத்திருப்பது திரையிலேயே தெரியும். ஆளை இரண்டு அடி வெளியே வரச் சொல்வதுதான் மருந்து. மஞ்சள் சோடியம் விளக்கு மட்டுமே எரிகிற இடத்தில் எந்த வைட் பேலன்ஸும் (விளக்கின் சாயலைச் சரிக்கட்டும் அமைப்பு) மீனின் நிறத்தை மீட்டுத் தராது, அந்த விளக்கில் மற்ற நிறங்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. விடியும் வரை பொறுங்கள், அல்லது கறுப்பு-வெள்ளையாக நினைத்து எடுங்கள்.

9. கேரம் கிளப், பாக்சிங் கூடம்: பட்டைகள்

உள்ளரங்கில் எடுக்கும்போது கூடுதலாக ஒரு சோதனை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வரும், அல்லது தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம் என்று மாறும். நான்கைந்து படம் அடுத்தடுத்து எடுத்து, திரையில் வேகமாகப் புரட்டிப் பாருங்கள். மாறினால் 1/100-க்கு இறங்குங்கள். கேரம் ஆட்டத்துக்கு அது தாங்கும். குத்துச்சண்டைக்குப் போதாது, அங்கே கேமராவில் ஃபிளிக்கர் (விளக்குத் துடிப்பு) குறைக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

10. பார்க்கக்கூடாத நேரம்

சோதனைப் படம் சரியாகிவிட்டால் திரையை மறந்துவிடுங்கள். எடுத்ததும் படம் தானாக வந்து நிற்கும் வசதியை அப்போது அணைத்துவிடலாம். வியூஃபைண்டரில் போன நொடியின் படம் நிற்கும்போது இந்த நொடி கடந்து போய்விடும்.

ஆபத்தும் இருக்கிறது. தரை வழுக்கும், கயிறு கிடக்கும், பின்னாலிருந்து ஐஸ் பெட்டி வண்டி வரும். வழியில் நின்று திரையைக் குனிந்து பார்ப்பவரை அங்கே யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். “ஏம்பா, பொட்டியவே பாத்துனு நின்னா எப்டி? ஓரமா போய்ப் பாரு” என்று ஒரு அக்கா சத்தம் போட்டால் அதில் நியாயம் இருக்கிறது. தூண் ஓரமாக ஒதுங்கி நின்றுதான் திரையைத் திறக்க வேண்டும்.

மறுபடி பார்க்க வேண்டிய சந்தர்ப்பங்கள் கொஞ்சம்தான்: கொட்டகையிலிருந்து வெளியே வந்ததும், சூரியன் கடலுக்கு மேலே வந்ததும், லென்ஸ் மாற்றியதும். மேனுவல் முறையில் எடுக்கிறீர்கள் என்றால் விடியும் நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த வெளிச்சம் அவ்வளவு வேகமாக மாறும்.

“காட்டு தம்பி” என்று படத்தில் இருப்பவர் கேட்டால் மட்டும் இந்த விதி கிடையாது. முகத்தைப் பெரிதாக்கி, திரைக்குக் கையால் நிழல் கொடுத்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பியும் விடுங்கள். அடுத்த முறை நீங்கள் போகிறபோது நிற்க இடம் கொடுப்பவர் அவர்தான்.

11. அங்கேயே அழிக்காதீர்கள்

உள்ளங்கை அளவுத் திரையில் பார்த்து, ஈரக் கையோடு, அவசரத்தில் எடுக்கும் முடிவு அது. ஒரே முகத்தின் ஐந்து படங்களில் எது சிறந்தது என்பதும் அங்கே தெரியாது. பிடித்ததற்கு நட்சத்திரம் போடுங்கள், கேமராவிலேயே அந்த வசதி இருக்கும். அழிப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மெமரி கார்டில் இடம் போதவில்லை என்றால் இன்னொரு கார்டு வாங்குவது மலிவு.

12. வீட்டுக்கு வந்ததும்

லேப்டாப்பில் படங்களைத் திறந்ததும் கேமராவை ஓரமாக வைத்துவிடாதீர்கள். ஒரே படத்தைக் கேமராவிலும் லேப்டாப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாதாரண அறை வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். ஒரு விடிகாலைப் படம், ஒரு மதியப் படம், ஒரு கொட்டகைப் படம் என்று மூன்று போதும். லேப்டாப் திரையும் முழுப் பிரகாசத்தில் இருக்கக்கூடாது, நீங்கள் வழக்கமாக எடிட் செய்யும் அளவிலேயே இருக்கட்டும்.

கேமரா திரை மூன்று படத்திலும் கூடுதல் வெளிச்சமாகக் காட்டினால் பிரகாசத்தை ஒரு படி இறக்குங்கள், மங்கலாகக் காட்டினால் ஒரு படி ஏற்றுங்கள். ஒன்றில் கூடுதல், ஒன்றில் குறைவு என்று வந்தால் திரையைத் தொடாதீர்கள். லேப்டாப்பில் விடிகாலைப் படம் இருட்டாகவும் மதியப் படம் வெளுத்தும் இருந்தால் நீங்கள் ஹிஸ்டோகிராமைப் பார்க்காமல் கண்ணை வைத்து எடுத்திருக்கிறீர்கள், நான்காவது படியில் இருந்து மறுபடி ஆரம்பியுங்கள். பிரகாசத்தை ஒரு முறை சரி செய்தபின் அடுத்த பயணம் முழுக்க அதை மாற்ற வேண்டாம்.